இருபத்திரண்டுக்கு முப்பத்துநாலு

டிக்கோயா ஆஸ்பத்திரியில் இரவு வேலை முடிந்த காலைகளில்
நான் தூங்கவில்லை, பற்களை எண்ணினேன்.
முன்னால் இருபத்திரண்டு, பின்னால் முப்பத்துநாலு:
ஒரு முழு மிதிக்கு
சக்கரம் முக்கால் சுற்றுகூடச் சுற்றாது.
அவ்வளவு கஞ்சத்தனம் வேண்டும்
பொகவந்தலாவையைத் தாண்டி மேலே போக.

ஹட்டனில் நிஸ்தாருடைய கடையில்
கண்ணாடி அலுமாரிக்குள் ஒரு ஹப் இருந்தது.
வழியில் பணம் தீர்ந்த ஒரு வெள்ளைக்காரன்
விற்றுவிட்டு விமானம் ஏறினானாம்.
பதினாலு கியரும் உள்ளே, எண்ணெயில் முங்கி,
மழை படாமல், சேறு இன்னதென்று தெரியாமல்.
"கழுவவும் தேவல்ல தங்கச்சி,
ஒங்கட காலத்துக்கும் ஓடும்."
"நின்னுட்டா?"
நிஸ்தார் கூரைத் தகரத்தைப் பார்த்தார்.
"நின்டா, ஜேர்மனிக்கு அனுப்போணும்."

நாலு நாள் அது கனவில் வந்து சுழன்றது.
ஐந்தாம் நாள் வாங்கியது வேறு:
முன்னால் மூன்று தட்டு, பின்னால் எட்டு,
எந்த டவுனிலும் தொங்கும் சங்கிலி,
வளைந்தால் ஸ்பேனரால் நிமிர்த்தக்கூடிய இரும்புக் காது,
எண் போடாத, கிளிக் என்று சொல்லாத பழைய லீவர்.
ரேடியோவில் ஸ்டேஷன் பிடிப்பதுபோல
விரல் திருக வேண்டும், காது கேட்க வேண்டும்,
இரைச்சல் அடங்கும் இடம்தான் கியர்.
நிஸ்தார் பில் எழுதும்போது ஒன்றும் பேசவில்லை.
பெண்பிள்ளை பார்த்து வேண்டாமென்ற மாப்பிள்ளையைப்
பார்ப்பதுபோல
அலுமாரியை ஒருதரம் பார்த்தார்.

பலாங்கொடைப் பாதையில் தார் விட்டுவிட்டுத்தான் இருக்கும்.
மேற்கணக்கு தாண்டி மூன்றாவது வளைவு.
டிங்!
கேபிள்.
சங்கிலி சடசடவென்று இறங்கி
ஆகச் சின்னப் பல்லில் போய்க் குந்தியது.
மிதித்துப் பார்த்தேன். மலை என்னை மிதித்தது.

மாற்றுக் கேபிள் இருந்தது, ஏன் இல்லாமல்?
ஏழு தாள் பட்டியல் போட்டவளல்லவா நான்.
பையைக் கவிழ்த்து எடுத்தால்
அது பிரேக் கேபிள்.
தலை ஒரு உளுந்தளவு பெரிது.
அந்த உளுந்துக்கு முன்னால் ஏழு தாளும் சும்மா.

கவ்வாத்து வெட்டிக்கொண்டிருந்த மலையிலிருந்து
ஒருவன் இறங்கி வந்தான், பேர் மரியசூசை,
என் வயதிருக்கும், இடுப்பில் படங்குச் சாக்கு.
"எத்தன கியரு?"
"இருவத்துநாலு."
"இப்ப?"
விளக்கினேன். பின்கை ஸ்பிரிங்கால் சுருங்குகிறது,
எதையாவது இடுக்கி அதை விரித்து வைத்தால்
பெரிய பல்லிலேயே நிற்கும்.
முழுதும் கேட்கவில்லை அவன்.
ஒரு மிலாறை எடுத்துக் கத்தியால் ரெண்டு சீவு,
வைத்துப் பார்த்தான், தடிப்பு.
இன்னொரு சீவு.
சங்கிலி முப்பத்துநாலில் ஏறி
நின்றது.
"இப்ப எத்தன?"
"முன்னால மூணு தட்டு. மூணு."
"மேட்டுக்கு ஒண்ணு, பள்ளத்துக்கு ஒண்ணு.
மத்தது எதுக்கு?"
பதில் சொல்லத் தெரியவில்லை. இன்னும் தெரியாது.

நடையைவிடச் சற்றே வேகம்.
பால் கேனோடு போன ஒருவர் என்னை முந்தினார்,
கொஞ்ச தூரத்தில் நான் அவரை,
பிறகு அவர், சிரித்துக்கொண்டே.
உச்சியில் மூடுபனி, அட்டை, இரண்டு பிஸ்கட்.
இறக்கத்தில் மிதிக்கவே வேலையில்லை.
பின்னவலையில் மழை பிடித்தது.

பலாங்கொடைக் கடைப் பையன் புதுக் கேபிள் எடுத்துவிட்டு
குச்சியை உருவப் பார்த்தான், வரவில்லை.
மழை குடித்து ஊதி இறுகியிருந்தது.
குறடு போட்டு இழுத்தான்.
"மேக்க மொகத?" என்றான். இது என்ன?
"ஸ்பெயார் பார்ட்" என்றேன்.
சிரிக்காமல் கழுவித் தந்தான்.

பட்டியலில் இப்போது எட்டாவது தாள்:
கேபிள் இரண்டு, தலை அளந்தது.
மிலாறு ஒன்று.

ஹட்டன் போனால் நிஸ்தாருடைய கடைக்குப் போகாமல் வருவதில்லை.
அந்த ஹப் இன்னும் விலைபோகவில்லை.
கேட்டால் வெளியே எடுத்துத் தருவார்.
உள்ளங்கையில் வைத்து
விரலால் ஒரு சுண்டு சுண்டுவேன்.
சத்தமே இருக்காது.
அது நிற்கும்வரை
நாங்கள் இருவரும் பேச மாட்டோம்.